அட்டையிலிருந்த முகம்

வாக்காளர் அட்டையையும் செல்லக்கனியின் முகத்தையும் அதிகாரி மாறி மாறிப் பார்த்தார். அட்டையிலிருந்த முகம் பட்டாசு ஆலைத் தீயில் வெந்து போயிருந்தது.

"நீங்கதானாம்மா இது?"

"நாந்தான் சார்."

"இவங்கள யாருக்காவது தெரியுமா?" என்று அவர் கட்சி முகவர்கள் பக்கம் திரும்பினார். அங்கே சீனிச்சாமி உட்கார்ந்திருந்தான். விபத்துக்குப் பிறகு அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்ட புருஷன். அவன் தெரியாதென்று சொன்னால் கள்ள ஓட்டு என்று பிடித்துவிடுவார்கள்.

"தெரியாது சார்," என்றான், குனிந்த தலையோடு.

வாசலில் நின்ற காவலர் உள்ளே வந்தார். ஆனாலும் அவள் சொன்னாள்: "என் மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க சார்."

"பாத்துச் சொல்லுய்யா," என்றார் அதிகாரி.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று பார்த்தவன், அதன் பிறகு இப்போதுதான் மெல்லத் தலையை நிமிர்த்தினான்.