இரண்டாவது மெழுகுவர்த்தி

கல்லறைத் திருநாளன்று எர்னஸ்ட் பிராக்கில் என்பவர் முதல் மெழுகுவர்த்தியைத் தன் அப்பாவுக்கு ஏற்றுவதில்லை. சுவரோரம் புதைக்கப்பட்ட ஒரு வெள்ளைக்கார வாலிபனுக்குத்தான் ஏற்றுவார். அப்பா சொல்லிவைத்த வழக்கம் அது. வெள்ளைக்காரப் பெயர் இருந்தால் ரயில்வேயில் சுலபமாக வேலை கிடைத்த காலத்தில், கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த அப்பா அந்த வாலிபனின் கல்லிலிருந்த பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொண்டார்.

இந்த வருடம் இங்கிலாந்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அவள் குடும்பப் பெயரும் பிராக்கில்தான். அங்கே ஒரே ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் இருந்த பெயர் அது. இப்போது மிச்சம் அவள் ஒருத்தி. அந்தப் பெயர்க்காரர்கள் இருக்கும் இடங்களின் வரைபடத்தைப் போனில் காட்டினாள். அந்தப் பள்ளத்தாக்கின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி, இந்த ரயில்வே ஊரின் மேல் இன்னொன்று. சுண்ணாம்பு மணக்கும் வாலிபனின் கல்லைத் தொட்டு, "எங்கள் வீட்டுப் பிள்ளையை இத்தனை வருடம் பார்த்துக்கொண்டீர்களே" என்று ஆங்கிலத்தில் சொல்லி அழுதாள்.

"பேரு எடுத்த கதையச் சொல்லிடுங்க" என்றாள் எர்னஸ்டின் மனைவி ஃபிலோமினா, தமிழில்.

"அழுதுட்டிருக்கா. இப்பப் போயி எப்படிச் சொல்ல?"

வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எர்னஸ்டின் அப்பாவின் கல்லறைக்கும் வந்தாள். மண்டியிட்டு, சிமெண்டில் பதித்திருந்த பிராக்கில் என்ற பெயரை விரலால் வருடினாள். பிறகு நிமிர்ந்து, "சின்ன வயதில் இவரை இவருடைய அம்மா என்னவென்று கூப்பிடுவார்?" என்று கேட்டாள்.

எர்னஸ்டின் கையில் தீக்குச்சி எரிந்து விரலைச் சுட்டது. அந்தப் பழைய பெயரை அவர் தன் அப்பாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.