அங்கே தொழுகை முடியும் நேரம்

கொச்சங்காடிப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து, தெரு கலைந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. மிளகுக் கிடங்கின் வாசலில் பாக்கியலக்ஷ்மி இன்னும் நிற்கிறாள். உள்ளே மேசைமேல் கறுப்பு டெலிபோன் பேசாமல் இருக்கிறது. 'ஜும்ஆ முடிஞ்சதும் கூப்பிடறேன்' என்று துபாயிலிருந்து புருஷன் சொல்லியனுப்பியிருக்கிறான். இடுப்பிலுள்ள குழந்தை நேற்றுதான் 'அப்பா' என்றது. அதை அவன் கேட்க வேண்டும். மூட்டை சுமக்கும் வேலன் வெறும் சாக்கை மடித்துப் போட்டு, "இதுல இரிங்கக்கா" என்கிறான். அந்தக் கைக்குக் கடவுள் நல்லது செய்யட்டும். கணக்கர் வர்க்கி சாவியோடு எழுந்து வருகிறார். "எந்த ஜும்ஆ, பெண்ணே? அங்க ஒன்றரை மணிக்கூர் பிந்தியல்லே நேரம்! அங்கத்தே தொழுகை இனிதான் முடியும்." "வந்தப்பவே சொல்லியிருக்கலாமே, சேட்டா?" "நீ கேட்டியோ? உன் நிப்பைப் பாக்க நல்ல ரசம்." "இப்ப வந்துடும், கொஞ்சம் பொறுங்க." "எனக்குச் சோறுண்ண வேண்டாமோ?" கதவைச் சாத்திப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, சிரித்தபடி சைக்கிளில் ஏறுகிறார். அவர் தெருமுனை திரும்பும்போது, மூடிய கதவுக்குப் பின்னால் மணி அடிக்கிறது. வேலன் கதவைத் தட்டுகிறான். மணி விடாமல் அடிக்கிறது. சத்தம் வரும் பக்கம் திரும்பிய குழந்தை, பூட்டைப் பிடித்துக்கொண்டு, "அப்பா" என்கிறது.