வெள்ளையப்பன் வீட்டுக் கணப்பு

இந்தக் கதையை நம்பாதவர்கள் மலையேறிப் போய் அந்தச் செம்மறியாட்டையே கேட்டுக்கொள்ளலாம். அதன் பெயர் வெள்ளையப்பன். குளிர்காய வீட்டுக்குள் செங்கல்லில் ஒரு கணப்பு கட்ட ஆசைப்பட்டு, செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் ஈடாகத் தன் உடம்பு ரோமம் முழுவதையும் மழித்துக் கொடுத்துவிட்டது.

கொத்தனார் குரங்கு புகைபோக்கியைக் கூரைக்கு மேலே ஏற்றி, வெள்ளையடித்து முடித்தது.

"அண்ணே, முதல்ல சுள்ளி போட்டுச் சின்னதா தீ மூட்டுங்க. சாந்து மெதுவா காயணும்."

"தீயா? இப்பத்தானேப்பா வெள்ளையடிச்சே. கரி பிடிச்சுடாதா?"

"கணப்புன்னா கரி பிடிக்கத்தானே செய்யும்?"

"முதல்ல நாலு பேரு வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

வந்தவர்கள் எல்லாரும் கணப்பை மெச்சிவிட்டு நடுங்கிக்கொண்டே வீடு திரும்பினார்கள். வெள்ளையப்பன் அதற்குச் சரிகைத் திரை போட்டு, உள்ளே ஒரு பூச்சாடியும் வைத்தது.

மார்கழியில் ஒரு நாள் அதன் கால்கள் விறைத்துப்போயின. உயிர் போய்விடுமோ என்ற பயத்தில், தட்டுத்தடுமாறிப் பக்கத்துத் தொழுவத்துக்குப் போய் விழுந்தது. அங்கே எருமை ஓர் உடைந்த பானையில் வறட்டி கொளுத்திக் குளிர்காய்ந்துகொண்டிருந்தது.

"கிட்ட வா தம்பி. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா செத்தே போயிருப்பே."

வெள்ளையப்பன் கால்களை நீட்டிச் சூடேற்றிக்கொண்டது. உயிர் திரும்பியதும் பானையை ஏற இறங்கப் பார்த்தது.

"என்னக்கா, பானை இப்படிக் கரி பிடிச்சுக் கிடக்கு? ஒரு நாள் எங்க வீட்டுக்கு வாங்க. கணப்பை எப்படி வச்சுக்கணும்னு காட்டறேன்."