பின்கதவில் நான்கு விரல்கள்

ஸ்டேஷன் வேகனின் பின்கதவைத் தூக்கியதுமே திலோத்தமை முந்திக்கொண்டாள். "அந்தத் தழும்பைப் பார்க்காதீங்க சார். நாளைக்கே பட்டி போட்டுத் தேய்ச்சுடறேன்."

பழைய கார் கண்காட்சிக்கு வண்டிகளைச் சோதிக்கும் சவரிராயன் குனிந்து கதவோரத்தை உற்றுப் பார்த்தார். இது கம்பெனியில் அடித்த பெயின்ட் இல்லையென்று போன வருடம் வண்டியைத் திருப்பி அனுப்பியவர் அவர். அன்று அவர் கண்ணில் படாதபடி கதவோர ரப்பரை இழுத்து ஒட்டித் தழும்பை மறைத்தவள் அவள்.

இன்று ரப்பர் விளிம்பில் தழும்பின் ஓரம் எட்டிப்பார்க்க, அவர் அதை உரித்தார். வெளிர்பச்சைப் பெயின்ட்டில் நான்கு விரல்கள் பதிந்திருந்தன. காய்வதற்குள் யாரோ கதவைப் பிடித்திருக்கிறார்கள். அவர் பையிலிருந்து எடுத்த லென்ஸில் ரேகைகூடத் தெரிந்தது.

"பேக்டரியில எவனோ அவசரப்பட்டிருக்கான்மா," என்றார். "மேல இன்னொரு கோட் அடிச்சிருந்தா ரேகை மூடியிருக்கும். ஓரத்துல பேர்ந்திருக்கு பாருங்க, அடியில வேற பெயின்ட்டே இல்ல, பிரைமரும் தகரமும்தான். அசல் பெயின்ட். இதைப் போய் தேய்க்கப் பார்த்தீங்களே!"

திலோத்தமை அந்தப் பள்ளங்களில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். அவளுடையதைவிடத் தடித்த விரல்கள். அந்த ஆள் அன்றைக்கு மேஸ்திரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள்.

"எனக்கெதுக்கும்மா நன்றி?"

"உங்களுக்கில்ல சார்."

ரப்பரைத் திரும்ப ஒட்டவில்லை. கிளம்பும்போது, எப்போதும் ஓங்கி அறைந்து சாத்துகிற அந்தப் பின்கதவை, யாருடைய விரலோ நசுங்கிவிடக் கூடாதென்பதுபோல, மெல்ல இறக்கினாள்.