உடையாத போல்ட்

குளிர்காலத்துக்குள் தெருப் பனியை வாரித் தள்ளும் பழைய மெஷினுக்குப் புது பெல்ட்டும் பெரிய மோட்டாரும் வந்துவிட்டன. ஆனாலும் அதற்கு ஒரு குறை.

"ஒரு கல் சிக்கினாப் போதும், பட்டுனு உடைஞ்சு என் மானத்தை வாங்குறே!" என்று, தன் சுழலும் பற்களைப் பிடித்திருந்த மெல்லிய போல்ட்டைத் திட்டியது.

"உனக்குப் பதிலா உடையத்தானே அண்ணே நான் இருக்கேன்," என்றது போல்ட்.

மெஷின்காரருக்கும் அந்த போல்ட்மேல் எரிச்சல்தான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கெட்டியான எஃகு போல்ட்டை முறுக்கினார்.

முதல் பனி விழுந்தது. மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. பனிக்குள் கிடந்த செங்கல் ஒன்று பற்களில் சிக்கியது. மோட்டாரும் விடவில்லை, போல்ட்டும் விடவில்லை. மடாரென்று கியர்பெட்டி பிளந்து, வெள்ளைப் பனியில் எண்ணெய் கறுப்பாகப் பரவியது.

"ஐயோ! எனக்கு என்ன ஆச்சு?" என்று அலறியது மெஷின்.

"எனக்கு ஒரு கீறல்கூட இல்லை அண்ணே!" என்றது புது போல்ட்.