அளவுச் சாப்பாடு

கடைசிப் பொத்தானும் துளைக்குள் விழுந்தது.

மூச்சை இழுத்துப் பிடிக்கவில்லை. வயிற்றை எக்கவில்லை. அலமாரிக் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். நீலச் சட்டைக்குள் யாரோ ஓர் ஒல்லியான மனிதன் நின்றுகொண்டிருந்தான்.

லிஃப்ட் ரிப்பேர் அவன் தொழில். கம்பெனியில் அவனுக்கு ‘ஓவர்லோடு’ என்று பெயர். அவன் லிஃப்டுக்குள் காலை வைத்தாலே எடை கூடிவிட்டதென்று மணி அடிக்குமாம். சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு, மத்தியானம் இரண்டு பொட்டலத்தைப் பிரிப்பான். முதல் மனைவி விட்டுப் போன பிறகு அவனுக்குச் சாப்பாடுதான் துணை.

இரண்டாவது மனைவியான இவளை முதன்முதலில் பார்த்தது ஒரு லிஃப்டில்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தாள். கதவை நெம்பித் திறந்து, கை கொடுத்து வெளியே தூக்கிவிட்டான். நோயாளிகளுக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு என்று முடிவு செய்கிற டயட்டீஷியன் அவள். கணவனை இழந்தவள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நன்றிகூடச் சொல்லவில்லை. அவனை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள்.

“உங்க உயரம் என்ன?”

கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். டயட்டீஷியன் வேறு எதைக் கேட்பாள்!

அவள் வீட்டிலேயே குடியேறினான். மறுநாளே சமையல் மேடையில் ஒரு சின்னத் தராசு வந்து உட்கார்ந்தது. அவனோடு வந்த கறி, மீன் ஆசையெல்லாம் வாசலோடு நின்றுவிட்டது. சர்க்கரை டப்பா காலியானது. பிறகு நிரம்பவே இல்லை.

பட்டினி போட்டாள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கலோரியைக் குறைத்தாளே தவிர, சத்தில் கை வைக்கவில்லை. முளைகட்டிய பயறு, பருப்பு, பன்னீர், தயிர் என்று புரதத்துக்கு ஒரு குறையுமில்லை. கீரையில் எலுமிச்சம்பழம் பிழிந்துதான் வைப்பாள். அப்போதுதான் அதிலிருக்கும் இரும்பு உடம்பில் சேருமாம். சாப்பிட்ட கையோடு டீ கேட்டால் கிடைக்காது. எள்ளும் நிலக்கடலையும் தராசில் ஏறி இறங்கித்தான் தட்டுக்கு வரும். சைவச் சாப்பாட்டில் போதாத பி12-க்கு ஒரு மாத்திரை. அதை அவளே அவன் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுப்பாள்.

ஆரம்பத்தில் பசி வயிற்றைப் பிராண்டியது. ஒருநாள் வேலைக்குப் போன இடத்தில் திருட்டுத்தனமாக ஒரு க்ரீம் பன்னைத் தின்றுவிட்டு வந்தான். எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். திட்டவில்லை. அவன் தாடை எலும்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் அழுதாள்.

தனக்காக ஒருத்தி அழுவதை அவன் அன்றுதான் பார்த்தான். அதற்கப்புறம் பன் பக்கமே போகவில்லை.

உடம்பு பஞ்சாகிவிட்டது. முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. டாக்டரே அவளைப் பாராட்டினார். கன்னம் ஒட்டிப்போய்விட்டது, இதோடு நிறுத்திக்கொள் என்று கம்பெனியில் ஓரிருவர் சொன்னார்கள். வயிற்றெரிச்சல் என்று விட்டுவிட்டான்.

போன வாரம் அவள் அம்மா வந்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் வருகிறார். கதவைத் திறந்தவனைப் பார்த்ததும் கையிலிருந்த பையை நழுவவிட்டார். பயணக் களைப்பு என்றாள் இவள். அம்மா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டார்.

நீலச் சட்டையை அவள் எடுத்துக் கொடுத்தது இன்று காலை. காலர் கொஞ்சம் மெத்தென்றிருந்தது. நல்ல துணி, விலையும் கூடத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

கையை மடித்துவிட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி சமையலறை வாசலில் போய் நின்றான்.

“என்ன மேடம், பாஸா? இனிமேலாவது ஒரு கரண்டி சேத்துப் போடலாமில்ல?”

பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

கரண்டியைக் கீழே வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். காலரைச் சரிசெய்தாள். நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, அப்படியே நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

இப்படி ஒரு பார்வையை அவன் தன்னைப் பெற்ற தாயிடம்கூடக் கண்டதில்லை. உருகிப்போய் நின்றான்.

அவள் கை மெல்ல இடுப்புக்கு இறங்கியது. சட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே விரல்களை நுழைத்தாள். விரல்கள் போயின. உள்ளங்கை போகவில்லை.

“இன்னும் கொஞ்சந்தாங்க” என்றாள், குழந்தையைத் தேற்றுகிற குரலில். “கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினப்ப அவரு இதத்தான் போட்டிருந்தாரு. இந்த எடத்துல என் கை முழுசா உள்ள போச்சு.”

அவன் குனிந்து சட்டையைப் பார்த்தான். அவளுடைய முதல் கணவர் எந்த நோயில் போனார் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை.

அவள் மேடைப் பக்கம் திரும்பினாள். தராசிலிருந்த பருப்பில் ஒரு கரண்டி எடுத்துப் பாத்திரத்திலேயே திரும்பப் போட்டாள்.

வாசல் கதவு திறந்துதான் இருந்தது. செருப்பு அங்கேயேதான் கிடந்தது.

தட்டை வைத்துவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதே பார்வை.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.