காலா மாட்டிய நேரம்

கோட்டைப்பட்டினத்துக் கடல் வெயிலில் தகரம்போலப் பளபளக்கிறது. தூண்டில்கம்பு வில்லாக வளைந்து நடுங்க, நைலான் நரம்பு கிறீச்சிட்டபடி ஓடுகிறது. காலா மீன் மாட்டியிருக்கிறது. அதைத் தன் கையாலேயே பிடிக்க வேண்டுமென்று பெங்களூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் வந்திறங்கிய கோபிநாத், ஒரு கையில் கம்பும் மறுகையில் போனுமாக நிற்கிறார். "மீட்டிங்ல இருக்கேண்ணே, ஒரு நிமிஷம்." படகுக்காரர் இன்னாசி பல்லைக் கடிக்கிறார். விடிந்ததிலிருந்து இந்த மனிதருக்காகக் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் பார்த்துப் படகைத் திருப்பியிருக்கிறார். கம்பை மட்டும் இன்னாசி தொடக்கூடாதாம். "சார், மீனுக்கு மீட்டிங்லாம் தெரியாது. ரீலச் சுத்துங்க!" கோபிநாத் தலையாட்டிவிட்டுப் போனைத்தான் காதோடு இன்னும் அழுத்துகிறார். இன்னாசி எட்டி அதைப் பிடுங்கித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார். திகைத்துப்போன கோபிநாத் ஒரு கையால் கம்பைப் பற்றி மறுகையால் ரீலைச் சுற்றுகிறார், முழங்காலில் விழுகிறார், மூச்சு வாங்கியபடி மறுபடியும் சுற்றுகிறார். படகோரம் நீர் வெடித்து வெள்ளி முதுகு ஒன்று புரள்கிறது. இன்னாசி கைவலையோடு குனிகிறார். "வலைய அப்புறம் போடலாம்ணே! மொதல்ல என் போன எடுத்து ஒரு போட்டோ!" இன்னாசி திரும்பிப் பார்க்காமலே மீனை அள்ளி, கோபிநாத்தின் காலடியில் கொட்டுகிறார்.